மின்தேக்கியை மாற்றிய பின்னும் ஒளிராத கணினித்திரை

முன்னுரை

கணினி இல்லாத கல்விக்கூடத்தை இன்று காண்பது அரிது. மாணவர் சேர்க்கை முதல் தேர்வு முடிவு வரையிலும், நூலகப் பட்டியல் முதல் ஆய்வேட்டின் அச்சு வரையிலும் எல்லாப் பணிகளும் கணினி வழியே நடைபெறுகின்றன. கணினியைப் பயன்படுத்த நாம் கற்றுக்கொண்டோம். அது பழுதுபட்டால் எவ்வாறு சிந்திப்பது என்பதை அந்த அளவிற்குக் கற்றுக்கொள்ளவில்லை. பழுது என்றவுடன் அதனை மூலையில் ஒதுக்குகிறோம். அல்லது யாரோ சொன்ன ஓர் உறுப்பை வாங்கி மாற்றிப் பார்க்கிறோம்.

'திரை இருண்டுவிட்டதா? உள்ளே கண்டென்சர் வீங்கியிருக்கும். அதை மாற்றினால் சரியாகிவிடும்' என்பது பழுது பார்ப்போரிடையே பழமொழிபோல் வழங்கி வருகிறது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் மாற்றிய பின்னும் திரை ஒளிராவிட்டால் என்ன செய்வது? இவ்விடத்தில்தான் பலர் கைவிடுகின்றனர்; வேறு சிலர் கண்ணில் பட்ட உறுப்புகளையெல்லாம் மாற்றத் தொடங்குகின்றனர். இரண்டும் முறையல்ல. சில வினாக்களை வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் அளந்து விடை கண்டால் பழுது தன் இருப்பிடத்தைத் தானே காட்டும். அவ்வினாக்கள் எவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது, 2000க்குப் பின் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் பெருவழக்காக இருந்த, பின்புறம் மெல்லிய குளிர்முனை ஒளிர்குழல்களைக் கொண்ட தட்டையான திரவப் படிகத் திரையாகும். இன்று விற்பனையாகும் திரைகளில் அக்குழல்களின் இடத்தை எல்.இ.டி. விளக்குகள் பெற்றுவிட்டன. எனினும் பழைய திரைகள் பள்ளி, கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் எளியோர் இல்லங்களிலும் இன்னும் பயன்பட்டு வருகின்றன. புதிது வாங்க வசதியற்ற இடங்களில் அவற்றைக் காப்பது சிறு செயலன்று.

மின்தேக்கியின் பணி

கடைவீதியில் கண்டென்சர் என்றும் கெப்பாசிட்டர் என்றும் வழங்கும் உறுப்பிற்கு மின்தேக்கி என்னும் தமிழ்ப்பெயர் மிகப் பொருத்தமாக அமைந்துள்ளது. மழைக்காலத்து வெள்ளத்தை ஏரி தேக்கி, மதகின் வழியே சீராக வயலுக்கு அனுப்புகிறது. அதுபோலவே துடித்துத் துடித்து வரும் மின்சாரத்தை இவ்வுறுப்பு தேக்கி, சீரான நேர்மின்னோட்டமாக மற்ற உறுப்புகளுக்கு வழங்குகிறது. 1745, 1746ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் உருவான லெய்டன் குடுவையே இதன் மூதாதையாகும்.

திரைகளில் உள்ள பெரிய மின்தேக்கிகள் அலுமினியத் தகடுகளால் ஆனவை. மெல்லிய இரு தகடுகளுக்கிடையே மின்பகு திரவத்தில் தோய்ந்த தாளை வைத்துச் சுருட்டி, ஒரு சிறு குப்பிக்குள் அடைத்திருப்பர். தகட்டின்மேல் படிந்துள்ள மிக மெல்லிய ஆக்சைடு படலமே மின்காப்பாகச் செயற்படுகிறது. அப்படலம் நிலைபெறத் திரவம் குன்றாமல் இருத்தல் வேண்டும். வெப்பம் கூடினால் திரவம் வற்றுகிறது. வற்ற வற்ற உள்தடை கூடுகிறது. உள்தடை கூடினால் வெப்பம் மேலும் கூடுகிறது. இச்சுழற்சியில் குப்பியின் தலை வீங்கி வெடிக்கிறது.

'105 டிகிரியில் 2000 மணி நேரம்' என்று ஒரு மின்தேக்கிக்கு ஆயுள் குறிக்கப்பட்டிருக்கலாம். வெப்பம் 10 டிகிரி குறையும்தோறும் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர் கொள்ளும் பொதுக்கணக்கு. ஆகவே அதே உறுப்பு 65 டிகிரியில் 32,000 மணி நேரம் உழைக்கலாம். காற்றோட்டமற்ற அறையில் நாள் முழுதும் எரியும் திரை விரைவில் பழுதாவதன் காரணம் இதனால் விளங்கும்.

இவ்வியற்கைத் தேய்மானத்தோடு ஒரு செயற்கைக் கேடும் சேர்ந்தது. 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் உலகெங்கும் கணினிப் பலகைகளில் மின்தேக்கிகள் காலத்திற்கு முன்பே வீங்கிக் கசிந்தன. தரங்குறைந்த மின்பகு திரவம் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கியதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. டெல் நிறுவனம் இத்தகைய பழுதுகளுக்காக 2005ஆம் ஆண்டில் 30 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. 'பழுது என்றால் மின்தேக்கி' என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியது அக்காலத்தில்தான்.

திரையின் மூன்று பகுதிகள்

பழுதைத் தேடுமுன் உடலமைப்பை அறிதல் வேண்டும். திரையின் உள்ளே மூன்று பகுதிகள் உள்ளன.

முதலாவது மின்வழங்கிப் பகுதி. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டாக இங்கே நுழைகிறது. பியூஸ் எனப்படும் மின்னுருகியைக் கடந்து, நான்கு டையோடுகள் கொண்ட திருத்தியால் நேர்மின்னோட்டமாகி, பெரிய மின்தேக்கி ஒன்றில் ஏறத்தாழ 325 வோல்ட் அளவில் தேங்குகிறது. அதனை ஒரு திறப்பு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துத் துண்டித்து மின்மாற்றிக்கு அனுப்புகிறது. மின்மாற்றியின் மறுபுறம் 5 வோல்ட்டும், திரையின் அமைப்பிற்கேற்ப 12 முதல் 18 வோல்ட் வரையிலான மற்றொன்றும் பிறக்கின்றன. வழக்கமாக வீங்குபவை இம்மறுபுறத்து மின்தேக்கிகளே.

இரண்டாவது, இன்வெர்ட்டர் என வழங்கும் ஒளிவழங்கிப் பகுதி. குறைந்த வோல்ட்டைப் பல நூறு வோல்ட்டாக உயர்த்தி ஒளிர்குழல்களை எரிப்பது இதன் வேலை. குழல் எரியத் தொடங்கும் கணத்தில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும் தேவைப்படும்.

மூன்றாவது படவழங்கிப் பகுதி. கணினியிலிருந்து வரும் குறிகளைப் படமாக மாற்றித் திரைக்கு அனுப்புவதும், 'விளக்கை எரி' என்று இரண்டாம் பகுதிக்கு ஆணையிடுவதும் இதுவே.

உயிர்க்காப்பு

எதனையும் தொடுமுன் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் பெரிய மின்தேக்கியில் உயிர்க்கொல்லி மின்சாரம் எஞ்சியிருக்கக்கூடும். திருப்புளியால் இரு முனைகளையும் இணைத்து அதனை வெளியேற்றுவது சிலரது வழக்கம். அது தீப்பொறி பறக்கச் செய்து உறுப்பையும் கண்ணையும் கெடுக்கும். 10 கிலோஓம், 5 வாட் மின்தடை ஒன்றை, காப்புறையிட்ட பிடிகளோடு, அம்முனைகளுக்கிடையே சில நொடிகள் இணைத்து வைத்து, பின் மல்டிமீட்டரால் அளந்து வோல்ட் ஏதும் எஞ்சவில்லை என உறுதிசெய்வதே முறை.

மின்சாரம் பாயும் நிலையில் முதற்புறத்தை அளப்பது பழகாதவர் செய்யத்தக்கதன்று. ஆசிரியரோ அனுபவமிக்க தொழிலாளரோ உடனிருத்தல் இன்றியமையாதது. ஒளிர்குழலுக்குச் செல்லும் இணைப்பைச் சாதாரண மல்டிமீட்டரால் ஒருபோதும் அளக்கலாகாது. அங்குள்ள உயரழுத்தம் கருவியையும் கெடுக்கும், கையையும் தாக்கும்.

முதல் வினா: மாற்றியது முறையாக மாற்றப்பட்டதா?

பழுது நீங்கவில்லையெனில் முதலில் ஐயுற வேண்டியது, கடைசியாகச் செய்த வேலையையே. இவ்வினாவை விட்டுவிட்டு வேறு உறுப்புகளைத் தேடுவோர் பழுதின் மேல் பழுதை ஏற்றுகின்றனர். இங்கே நோக்க வேண்டியவை பின்வருமாறு:

1. முனைகள்: இவ்வகை மின்தேக்கிக்கு நேர்முனை, எதிர்முனை என்னும் வேறுபாடு உண்டு. குப்பியின் பக்கத்தில் உள்ள கோடு எதிர்முனையைக் காட்டும். பலகையில் வட்டத்தின் நிழலிட்ட பாதி பெரும்பாலும் எதிர்முனையைக் குறிக்கும். சில பலகைகளில் இது மாறியும் இருக்கும். எனவே கழற்றுமுன் குறித்துவைத்த குறிப்போ நிழற்படமோதான் நம்பத்தக்கது. முனை மாறிய உறுப்பு சூடேறி வெடிக்கும்.

2. தரம்: கொள்ளளவும் வோல்ட்டும் ஒத்திருந்தால் போதும் எனப் பலர் கருதுகின்றனர். அது போதாது. விரைந்து துடிக்கும் மின்சாரத்தைத் தாங்க உள்தடை மிகக் குறைவாக உள்ள வகை வேண்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைவீதிகளில் வாங்கும்போது 'லோ ஈ.எஸ்.ஆர்., 105 டிகிரி' என்று குறிப்பிட்டுக் கேட்டல் நன்று. 16 வோல்ட் உறுப்பின் இடத்தில் 25 வோல்ட் உறுப்பைப் பொருத்தலாம். 10 வோல்ட் உறுப்பைப் பொருத்தலாகாது.

3. விடுபட்டவை: வீங்கியவற்றை மட்டும் மாற்றிவிட்டு, வீங்காதவற்றை நல்லவை என நம்புவது பெரும்பிழை. தலை தட்டையாக இருந்தும் உள்ளே வற்றிப்போனவை உண்டு. குறிப்பாக முதற்புறத்தில் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு அருகே நிற்கும் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட் அளவிலான சிறு மின்தேக்கியைப் பலரும் கவனிப்பதில்லை. அது கெட்டால் மின்வழங்கி எழ முயன்று முயன்று அடங்கும்.

4. பற்றவைப்பு: பழைய உறுப்பைப் பிடுங்கும்போது செப்புத்தடம் கிழிந்திருக்கலாம், துளையின் உட்பூச்சு உறுப்போடு சேர்ந்து வெளிவந்திருக்கலாம், ஈயம் சிந்தி அடுத்த தடத்தோடு ஒட்டியிருக்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குவதோடு, புதிய உறுப்பின் காலிலிருந்து அத்தடம் சென்று சேரும் அடுத்த உறுப்பு வரை மின்தொடர்ச்சி உள்ளதா என மல்டிமீட்டரால் அளக்கவும் வேண்டும்.

5. இணைப்புகள்: மூடும்போது பொருத்த மறந்த நாடா இணைப்பு, பொத்தான் பலகையின் இணைப்பு, உலோகச் சட்டத்தின் கீழ் நசுங்கிய விளக்குக் கம்பி ஆகியவை 'புதிய' பழுதுகளாகத் தோன்றும்.

இரண்டாம் வினா: மின்சாரம் எதுவரை வருகிறது?

முதல் வினாவிற்கு விடை நிறைவாக இருந்தால் அடுத்து அளவீடு தொடங்கும். வாய்க்காலில் நீர் வரவில்லையெனில் தலைமதகிலிருந்து கடைமடை வரை நடந்து பார்க்கும் உழவரின் முறையே இங்கும் முறை.

ஒளிக்குறி விளக்கே எரியவில்லையெனில் முதற்புறத்தைப் பார்க்க வேண்டும். மின்னுருகி எரிந்திருந்தால் அது காரணமன்று, விளைவே. திருத்தியோ திறப்பு டிரான்சிஸ்டரோ குறுக்கிணைப்பு அடைந்திருக்கும். அவற்றை அளக்காமல் புதிய மின்னுருகியை இட்டால் அதுவும் எரியும். கூடுதல் ஆம்பியர் மின்னுருகியை இட்டால் பலகையே எரியும். பழகிய தொழிலாளர் இந்நிலையில் 'சீரிஸ் பல்பு' முறையைக் கையாள்வர். 60 அல்லது 100 வாட் இழை விளக்கைத் தொடரிணைப்பில் வைத்துத் திரைக்கு மின்சாரம் தருவர். விளக்கு ஒருகணம் மின்னி மங்கினால் பெருங்கேடு இல்லை எனலாம். முழு ஒளியோடு எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே குறுக்கிணைப்பு உண்டு. இவ்விளக்கு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துமேயன்றி மின்தாக்குதலிலிருந்து காக்காது என்பதை மறத்தலாகாது.

முதற்புறத்தில் அளக்கும்போது கருவியின் கறுப்பு முனை பெரிய மின்தேக்கியின் எதிர்முனையில் இருத்தல் வேண்டும். மறுபுறத்தில் அளக்கும்போது அப்புறத்து எதிர்முனைத் தடத்தில் இருத்தல் வேண்டும். இரண்டும் வெவ்வேறானவை. இதனை அறியாது அளந்தால் கிடைக்கும் எண்கள் பொருளற்றவை.

ஒளிக்குறி விட்டுவிட்டு மின்னினாலோ, உள்ளே 'டிக் டிக்' என ஒலி கேட்டாலோ, மின்வழங்கி எழுந்து எழுந்து விழுகிறது என்பது பொருள். மறுபுறத்து டையோடு ஒன்று குறுக்கிணைப்பு அடைந்திருக்கலாம். முன்னர்க் கூறிய சிறு மின்தேக்கி கெட்டிருக்கலாம். அல்லது ஒளிவழங்கிப் பகுதி அளவுக்கு மீறி இழுக்கலாம்.

5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் சரியாக இருந்தால்கூட அத்துடன் அமைதல் ஆகாது. சுமையில்லா நிலையில் 12 காட்டும் இடம், விளக்கு எரிய முயலும் கணத்தில் 9க்கு இறங்கக்கூடும். ஆகவே ஓய்வில் ஒருமுறையும், திரை விழிக்கும் கணத்தில் ஒருமுறையும் அளக்க வேண்டும்.

மூன்றாம் வினா: இருள் எத்தகையது?

எல்லா இருளும் ஓரிருள் அல்ல. கணினியின் இணைப்பைக் கழற்றிவிட்டுத் திரையை மட்டும் இயக்கினால், நலமான திரை 'குறி இல்லை' என்பது போன்ற ஓர் அறிவிப்பைக் காட்டும். அறிவிப்பு தோன்றினால் குறை கணினியிலோ இணைப்புக் கம்பியிலோ உள்ளது. திரையைப் பிரிக்கவே தேவையில்லை.

தோன்றாவிட்டால் கைவிளக்கு ஒன்றைத் திரையின்மேல் சாய்வாகப் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் படம் உண்டு, ஒளி இல்லை. குறை ஒளிவழங்கிப் பகுதியில். ஒளி உண்டு, படம் இல்லை எனில் குறை படவழங்கிப் பகுதியிலோ நாடா இணைப்பிலோ இருக்கும்.

மின்தேக்கி மாற்றிய பின்னும் அடிக்கடி காணப்படும் நிலை ஒன்று உண்டு. திரை ஒளிர்கிறது, ஓரிரு நொடிகளில் இருண்டுவிடுகிறது, ஒளிக்குறி மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது. பலர் இதனைப் புதிய மின்தேக்கிகளின் குறை எனக் கருதி மீண்டும் மாற்றுகின்றனர். உண்மையில் இது பெரும்பாலும் காவல் அமைப்பின் செயலாகும். ஒளிவழங்கிப் பகுதி ஒவ்வொரு குழலிலும் பாயும் மின்னோட்டத்தைக் கண்காணிக்கிறது. ஒரு குழலில் அது இல்லையெனில், உயரழுத்தம் வேறு வழியில் பாய்ந்து தீ விளைவிக்காதிருக்க, எல்லாக் குழல்களையும் அணைத்துவிடுகிறது. அணைப்பது பழுதன்று, பழுதை அறிவிக்கும் மணியே அது.

இந்நிலையில் ஒரே ஓர் அளவீடு பாதிப் பலகையை ஐயத்திலிருந்து நீக்கிவிடும். படவழங்கிப் பகுதியிலிருந்து ஒளிவழங்கிக்குச் செல்லும் 'விளக்கை எரி' என்னும் ஆணைக்கம்பியில், பல திரைகளில் 3 முதல் 5 வோல்ட் வரை தோன்றும். திரை இருளும் கணத்தில் அவ்வோல்ட்டும் மறைந்தால், ஆணையிட்ட பகுதியே ஆணையைத் திரும்பப் பெற்றது; குறை அங்கோ அதன் மின்வரவிலோ உள்ளது. ஆணை நிலைத்திருக்க ஒளி மட்டும் அணைந்தால், காவல் அமைப்பே அணைத்தது. குறை ஒளிவழங்கியிலோ குழலிலோ உள்ளது.

பின்னதாயின், மின்சாரத்தை முற்றும் நீக்கிவிட்டு, உயரழுத்த மின்மாற்றிகளின் இரண்டாம் சுற்றுகளது தடையை அளக்க வேண்டும். ஒரே பலகையில் உள்ள ஒரே வகை மின்மாற்றிகள் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டும். ஒன்று சில நூறு ஓம் காட்ட, மற்றொன்று முடிவிலியைக் காட்டினால் அதன் கம்பி அறுந்துள்ளது. இங்கே நமக்கு வரைபடம் தேவையில்லை. நலமான இணையே கெட்டதற்கு உரைகல்லாகிறது. ஒரு சொல்லின் பாடம் ஐயத்திற்குரியதாயின் மற்றொரு சுவடியை அருகில் வைத்து ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரின் நெறியும் இதுவேயன்றோ!

மின்மாற்றிகள் ஒத்திருந்தால் அவற்றின் கால்களில் பற்றவைப்பு விரிசலுற்றதா எனவும், மின்மாற்றிகளை இயக்கும் மாஸ்ஃபெட்டுகள் நலமா எனவும் பார்க்க வேண்டும். அவையும் சரியெனில் குழல்களே எஞ்சுகின்றன. முனை கறுத்த, செந்நிறமாக ஒளிரும் குழல் தன் ஆயுளின் இறுதியில் உள்ளது. நலமான ஒரு குழலை மாற்றி இணைத்துப் பார்த்தால் ஐயம் நீங்கும்.

எங்கே நிறுத்துவது?

பழுது பார்த்தலில் தொடங்குவதைவிட நிறுத்துவதற்கே மிகுந்த தெளிவு தேவை. திரவப் படிகப் பலகை உடைந்திருந்தாலோ, படவழங்கியின் முதன்மைச் சில்லு கெட்டிருந்தாலோ, பலகை கரிந்து போயிருந்தாலோ செலவு பயனுக்கு மிஞ்சும். அந்நிலையில் திரையை உறுப்புக் களஞ்சியமாகக் கருதி, நல்ல மின்மாற்றியையும் இணைப்புகளையும் மற்றொரு திரைக்குப் பயன்படுத்தலாம்.

எஞ்சியதைக் குப்பைமேட்டில் எறிதல் தவறு. ஒளிர்குழல்களில் சிறிதளவு பாதரசம் உண்டு. பழைய ஈயப்பற்றில் ஈயம் உண்டு. குழலை உடைத்தாலும் பலகையை எரித்தாலும் நஞ்சு காற்றிலும் மண்ணிலும் கலக்கும். அதனை முதலில் சுவாசிப்பவர் குப்பை பொறுக்கி வாழும் ஏழைச் சிறுவரே. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு மேலாண்மை விதிகள், பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் வழியே இத்தகைய கழிவை அகற்றுமாறு பணிக்கின்றன. கல்வி நிறுவனங்கள் இதில் முன்னோடிகளாக விளங்குதல் வேண்டும்.

முடிவுரை

வீங்கிய மின்தேக்கி நோயின் முகம். சில வேளைகளில் அதுவே நோய். வேறு சில வேளைகளில் அது நோயின் தடம் மட்டுமே. இவ்வேறுபாட்டை ஊகத்தால் அறிய இயலாது. அளந்தே அறிய வேண்டும். மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், நோயைத் தெளிந்து அதன் காரணத்தைத் தெரிந்த பின்னரே மருத்துவத்திற்கு இடந்தந்தார். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒளியியல் பற்றி எழுதிய பெருநூலில், முன்னோர் கூற்று என்பதற்காக எதனையும் ஏற்காமல், ஒளியையும் பார்வையையும் சோதனையால் ஆராய்ந்தார். ஒருவர் தமிழ் மண்ணில் வாழ்ந்தவர். மற்றவர் அரபு மொழியில் எழுதியவர். இருவர் நெறியும் ஒன்றே.

முன்பு செய்ததை ஐயுறுதல், தலைமதகிலிருந்து வரிசையாக நடத்தல், நலமானதோடு ஒப்புநோக்கல், இயலாதவிடத்து நிறுத்துதல் ஆகிய நான்கும் திரைக்கு மட்டும் உரியவை அல்ல. ஆய்வேடு எழுதும் மாணவர்க்கும் அவையே வழி. நம் கல்லூரிகளில் இயற்பியல் பயிலும் மாணவரும் தமிழ் பயிலும் மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒதுக்கப்பட்ட ஒரு திரையைத் திறந்து, ஒவ்வோர் உறுப்பையும் தமிழில் பெயர் சொல்லி அளந்து பார்க்கும் நாள் வர வேண்டும். அன்று சில திரைகள் மீண்டும் ஒளிரும். சில ஒளிராமலும் போகலாம். ஆனால் ஏன் ஒளிரவில்லை என்பதை அம்மாணவர்கள் தெளிவாகச் சொல்வார்கள். கல்வியின் பயன் அதுவே.